கலாபகோஸ்: இரவு தங்க முடியாத தீவுகள்

கலாபகோஸ் தீவுகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஏன் கப்பலிலேயே நாட்கணக்கில் குடியிருக்கிறார்கள்? விளம்பரத் தாள்களைக் கேட்டால் நீலக்கடல், நிலவொளி, மேல்தளத்தில் சாய்வு நாற்காலி என்று அடுக்கும். உண்மையான காரணத்தில் அவ்வளவு கவர்ச்சி இல்லை. அது சட்டம். ஈக்வடார் நாட்டின் கரையிலிருந்து மேற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் பெருங்கடலில் நிலநடுக்கோட்டின் மேலேயே கிடக்கிறது இந்த எரிமலைத் தீவுக்கூட்டம். அதன் நிலப்பரப்பில் 97 சதவீதம் 1959ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்கா. அந்தப் பகுதியில் விடுதி கிடையாது, கடை கிடையாது. காலையில் இறங்கலாம், வழிகாட்டியின் பின்னால் நடக்கலாம், இருட்டுவதற்குள் வெளியேறிவிட வேண்டும். ஊர் என்று சொல்லத்தக்கது இருப்பது சாண்டா குரூஸ், சான் கிறிஸ்டோபல், இசபெலா, ஃப்ளோரியானா ஆகிய நான்கு தீவுகளில் மட்டும்தான். எல்லாவற்றிலும் சேர்த்து மக்கள்தொகை ஏறக்குறைய 30,000. மற்ற தீவுகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர் தன் படுக்கையையும் அடுப்பங்கரையையும் கூடவே கொண்டுபோக வேண்டும். கப்பல் என்பது இங்கே அதற்கான ஏற்பாடு.

ஒரு கப்பலில் அதிகபட்சம் 100 பயணிகளுக்கு அனுமதி. பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை. 16 பேர் மட்டுமே ஏறும் படகுகள் நிறைய உண்டு. ஒரு வழிகாட்டி கரைக்கு அழைத்துச் செல்லக்கூடிய கூட்டத்தின் வரம்பு அந்த 16 என்பதுதான் இதற்குக் காரணம். இரவு முழுக்கக் கப்பல் ஓடும். விடியும்போது வேறொரு தீவின் முன்னால் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அங்கிருந்து ‘பங்கா’ என்று அழைக்கப்படும் ரப்பர் மோட்டார் படகுகளில் கரைக்குப் போக வேண்டும். பாறை விளிம்பில் காலை நனைக்காமல் ஏறுவது ஒரு வகை. முழங்கால் ஆழத் தண்ணீரில் குதித்து மணலுக்கு நடப்பது இன்னொரு வகை. எந்தக் கப்பல் எந்த நாளில், எந்த வேளையில், எந்தக் கரையில் ஆள் இறக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பூங்கா நிர்வாகம். கப்பல்தலைவனுக்கு அதில் உரிமை இல்லை. 2012 முதல், ஓரிரு இடங்கள் நீங்கலாக, ஒரு கப்பல் 14 இரவுகளுக்குள் ஒரே இடத்துக்கு இரண்டாம் முறை போக முடியாது. ஒரே கரையை எல்லோரும் மிதித்துத் தேய்ப்பதைத் தடுக்க வந்த விதி இது. இதன் விளைவாக, ஒரு வாரப் பயணத்தில் எல்லாத் தீவுகளையும் பார்ப்பது நடக்காத காரியம். மேற்குச் சுற்றா, கிழக்குச் சுற்றா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

இந்தத் தேர்வைப் பெரும்பாலோர் விலையைப் பார்த்தோ விடுமுறைத் தேதியைப் பார்த்தோ செய்துவிடுகிறார்கள். உண்மையில் அது வயதைத் தேர்ந்தெடுப்பது. மேற்கே போனால் குழந்தைத் தீவுகள், கிழக்கே போனால் கிழட்டுத் தீவுகள்.

பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் ஒரே இடத்தில் தொடர்ந்து மேலெழும் புள்ளிகள் சில உண்டு. புவியியலாளர்கள் இவற்றை வெப்பப்புள்ளி என்கிறார்கள். கலாபகோஸின் வெப்பப்புள்ளி இன்று ஃபெர்னாண்டினா தீவின் அடியில் இருக்கிறது. அதற்கு மேலே நாஸ்கா என்னும் புவித்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. அடுப்பு அசையவில்லை; மேலே இருக்கும் தகடு நகர்கிறது. தகடு நகர நகர, அதில் பொத்துக்கொண்டு எழுந்த மலைகளும் அடுப்பைவிட்டு விலகிப் போகின்றன. 10 லட்சம் ஆண்டுகளில் 50 கிலோமீட்டர். ஃபெர்னாண்டினாவும் இசபெலாவும் 10 லட்சம் வயதைக்கூட எட்டாதவை. கிழக்குக் கோடியிலுள்ள எஸ்பனோலாவுக்கும் சான் கிறிஸ்டோபலுக்கும் வயது 30 முதல் 40 லட்சம். அடுப்பைவிட்டு விலகிய தீவு குளிர்கிறது, அலையும் மழையும் அதை அரிக்கின்றன, அடியிலுள்ள தட்டு கனத்துத் தாழ்கிறது. இன்னும் கிழக்கே கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய மலைகள், ஒரு காலத்தில் தீவுகளாகத் தலைநீட்டி நின்றவை.

பழைய ஸ்பானிய மாலுமிகள் இவற்றை ‘மாயத் தீவுகள்’ என்று அழைத்தார்கள். மூடுபனியும் தாறுமாறான நீரோட்டமும் சேர்ந்து, தீவுகளே இடம்மாறுவதுபோல் அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. இடம்மாறுவது உண்மைதான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஃபெர்னாண்டினாவின் நடுவே உயர்ந்து நிற்கும் லா கும்ப்ரே எரிமலை கடைசியாக வெடித்தது 2024 மார்ச்சில். 1968இல் அதன் உச்சியிலுள்ள பெருங்குழியின் தரை 300 மீட்டருக்கும் மேல் கீழே அமிழ்ந்துபோனது. பக்கத்திலுள்ள இசபெலா, ஆறு எரிமலைகள் ஒன்றோடொன்று ஒட்டி உருவான தீவு. கூட்டத்தின் மொத்த நிலப்பரப்பில் பாதிக்கு மேல் அது ஒன்றே. அதன் மேற்குக் கரையில் ஊர்பினா விரிகுடா என்று ஓர் இடம். 1954இல் அங்கே கடலடித் தரை ஏறக்குறைய 5 மீட்டர் உயரம் மேலெழுந்துவிட்டது. கீழே கற்குழம்பு பொங்கியதில் கரையே தூக்கப்பட்டது. இன்று பயணிகள் அங்கே புதர்களுக்கு நடுவே நடக்கும்போது காலடியில் தட்டுப்படுவது பவளப் பாறைகள். மூளையின் மடிப்புகள்போல் வரியோடிய வெள்ளைப் பவளம், கடலிலிருந்து தள்ளி, வெயிலில் காய்ந்து கிடக்கிறது.

லாவா உறைந்த தரையை நெருங்கிப் பார்க்க வேண்டுமானால் சாண்டியாகோ தீவின் சல்லிவன் விரிகுடாதான் இடம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழிந்த குழம்பு அங்கே கருங்கண்ணாடி போலப் பரந்து கிடக்கிறது. மேற்பரப்பு முறுக்கிய கயிறுகளை அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். மேல்தோல் குளிர்ந்து இறுகத் தொடங்கியபோது உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருந்த குழம்பு அதை இழுத்துச் சுருக்கியதால் வந்த மடிப்புகள் அவை. சில இடங்களில் நடந்தால் அடியில் பொள்ளென்று ஓசை கேட்கும், தோலுக்குக் கீழே வெற்றிடம். நூறாண்டுக்கு மேலாகியும் அங்கே மண் என்று எதுவும் சேரவில்லை. வெடிப்புகளில் கட்டைவிரல் தடிமனில் லாவாக் கள்ளி மட்டும் கொத்துக்கொத்தாக நிற்கிறது. இளம் தீவு ஒன்று எப்படித் தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

இவ்வளவு வறண்ட கல்லில் இத்தனை உயிர்கள் எப்படிப் பிழைக்கின்றன என்ற கேள்விக்கு விடை நிலத்தில் இல்லை. கடலில் இருக்கிறது. தெற்கிலிருந்து ஹம்போல்ட் என்னும் குளிர்நீரோட்டம் வருகிறது. வடக்கிலிருந்து பனாமா வெந்நீரோட்டம் வருகிறது. மூன்றாவது ஒன்று ஆழத்தில் மேற்கிலிருந்து வருவது, பெயர் குரோம்வெல். பசிபிக்கின் அடியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவரும் அந்தக் குளிர்ந்த நீர், ஃபெர்னாண்டினாவின் மேற்குச் சரிவில் முட்டி மேலே ஏறுகிறது. கூடவே ஆழத்துச் சத்துகளும் வருகின்றன. அதனால் பாசி தழைக்கிறது, மீன் பெருகுகிறது. நிலநடுக்கோட்டில் பெங்குயின் வாழ்வதற்கும் இதுவே காரணம். அரை மீட்டர் உயரம்கூட இல்லாத கலாபகோஸ் பெங்குயின், லாவா இடுக்குகளில் நிழல் தேடி முட்டையிடுகிறது. இசபெலாவின் வடமுனை நிலநடுக்கோட்டைத் தாண்டி நீள்வதால், உலகின் வடபாதியில் இயற்கையாக வாழும் ஒரே பெங்குயின் இனம் என்ற பெயரும் அதற்குக் கிடைத்துவிட்டது.

அதே கரையில் பறக்க முடியாத நீர்க்காகமும் இருக்கிறது. நீர்க்காக இனங்கள் உலகெங்கும் உண்டு, பறக்க மறந்தது இது ஒன்றுதான். துரத்த எதிரி இல்லை, கரையோரமே போதுமான இரை. இந்த நிலையில் சிறகுக்குச் செலவு செய்வதில் பயன் இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சிறகு குறுகி, இப்போது நைந்த கந்தல்போல் தொங்குகிறது. ஆனாலும் நீரிலிருந்து ஏறியதும் அது தன் முன்னோரைப் போலவே அந்தத் துண்டுச் சிறகை விரித்து வெயிலில் காய வைக்கிறது.

கடல் இகுவானாவைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். உலகில் கடலுக்குள் இறங்கி இரை தேடும் பல்லியினம் இது ஒன்றே. விடியற்காலையில் கருங்கல்லோடு கருங்கல்லாக நூற்றுக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடக்கும். மிதித்துவிடாமல் கடப்பதே பெரும்பாடு. எல்லாத் தலைகளும் ஏறக்குறைய ஒரே பக்கம் சூரியனை நோக்கித் திரும்பியிருக்கும். ரத்தம் சூடேறியதும் பெரிய ஆண்கள் கடலில் இறங்கி, வாலை அசைத்து நீந்தி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைக் கடித்து இழுக்கின்றன. குளிர்ந்த நீரில் உடல் விறைத்துப்போவதற்குள் திரும்பிவிட வேண்டும். மீண்டும் கரையேறி வயிற்றைப் பாறையில் அழுத்திப் படுத்ததும் தும்மல் தொடங்கும். பாசியோடு விழுங்கிய உப்பை மூக்கருகிலுள்ள சுரப்பி வடித்தெடுத்து வெளியே பீய்ச்சுகிறது. அந்தத் துளிகள் பின்னால் தெறித்துத் தலையிலேயே விழுந்து காய்கின்றன. இகுவானாக்களின் உச்சந்தலை சுண்ணாம்பு பூசியதுபோல் இருப்பது அதனால்தான். அமைதியான காலையில் அந்தத் தும்மல் சத்தம் கரை முழுக்கத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும்.

பசிபிக்கின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் இந்த ஏற்பாடு முழுவதும் குலைகிறது. குளிர்நீர் மேலே வராது. பாசி கருகும், மீன் விலகும். 1982–83இல் வந்த எல் நினோவில் பெங்குயின்களில் முக்கால் பங்குக்கு மேல் அழிந்தன. இகுவானாக்கள் அதற்கு வைத்திருக்கும் உத்தி விசித்திரமானது. பஞ்சத்தில் அவற்றின் உடல் நீளமே குறைகிறது, சிலவற்றில் 20 சதவீதம் வரை. மெலிவது வேறு, குறுகுவது வேறு. எலும்பும் சேர்ந்து சுருங்கினால்தான் இந்த அளவு குறைய முடியும். சிறிய உடலுக்குச் சிறிய தீனி போதும். நல்ல காலம் திரும்பியதும் மறுபடியும் நீள்கின்றன.

இந்தத் தீவுகள் எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிருக்கவில்லை. ஆகவே இங்குள்ள ஒவ்வோர் உயிரும் பறந்தோ, நீந்தியோ, மிதந்தோ வந்ததன் வழித்தோன்றல். ஆற்று வெள்ளம் பெயர்த்துக்கொண்டு வந்த மரத்திலும் புதரிலும் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் மிதந்து வருவதை உப்புநீரும் வெயிலும் தாங்கும் ஊர்வன சமாளிக்கும். ஈரத் தோல் கொண்ட தவளை சமாளிக்காது, பெரிய பாலூட்டியும் சமாளிக்காது. கண்டங்களில் மான் கூட்டமும் மாட்டுக் கூட்டமும் செய்யும் வேலையை இங்கே ஆமை எடுத்துக்கொண்டது அப்படித்தான். நரி, பூனை போன்ற வேட்டை விலங்குகள் வந்து சேராததால் பயம் என்ற பழக்கமே இங்குள்ள உயிர்களிடம் வளரவில்லை. நீலக்கால் பூபி என்னும் கடற்பறவை நடைபாதையின் நடுவில் முட்டையிட்டுவிட்டு, சுற்றிப் போ என்பதுபோல் பார்க்கும். விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. கடற்சிங்கக் குட்டிகளுக்கு அந்த விதி தெரியாது, அவை தாமாக வந்து காலணியை மோந்து பார்க்கும். பின்வாங்க வேண்டியவர் மனிதர்தான்.

அந்தப் பயமின்மைக்கு ஆமைகள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 1535இல் காற்றில்லாமல் கப்பல் அடித்துவரப்பட்டு இங்கே வந்து சேர்ந்த பனாமா ஆயர் தாமஸ் தெ பெர்லாங்கா, கடவுள் கல்மழை பெய்ததுபோல் இருக்கிறது என்று தன் அரசருக்கு எழுதினார். குடிநீர் கிடைக்காமல் அவருடைய ஆட்கள் கள்ளியைப் பிழிந்து குடித்தார்கள். பின்னர் வந்த கடற்கொள்ளையரும் திமிங்கில வேட்டைக்காரரும் வேறொன்றைக் கண்டுகொண்டார்கள். ஆமையைக் கப்பலின் அடித்தளத்தில் மல்லாத்திப் போட்டுவைத்தால், தீனியும் தண்ணீரும் இல்லாமலேயே பல மாதங்கள் உயிரோடிருக்கும். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் கெடாத இறைச்சி. இப்படிக் கொண்டுபோகப்பட்டவை ஒரு லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். பிறகு ஆடுகள் வந்தன. பின்டா தீவில் 1959இல் விடப்பட்ட மூன்று ஆடுகள், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பல்லாயிரமாகப் பெருகி மலையை மொட்டையடித்தன. அந்தத் தீவின் கடைசி ஆமையான ‘தனிமை ஜார்ஜ்’ 2012 ஜூன் 24 அன்று இணையின்றி இறந்தது.

ஆடுகளை ஒழித்த விதம் கேட்கச் சங்கடமானது. வடக்கு இசபெலாவில் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள். மிஞ்சியவை ஒளிந்துகொண்டபோது, கழுத்தில் ரேடியோ கருவி மாட்டிய ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள். ஆடு தனியாக இருக்காது, போய்க் கூட்டத்தோடு சேரும். பின்தொடர்ந்து போய் அந்த ஆட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைச் சுடுவார்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடனின் பெயரால் ‘யூதாஸ் ஆடு’ என்று அதற்குப் பெயர். மொத்தத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள். சரியா தவறா என்று இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. ஆமைகளின் பக்கம் நின்று பார்த்தால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. எஸ்பனோலாவில் எஞ்சியிருந்த ஆமைகள் வெறும் 14, கூடவே சான் டியேகோ விலங்குக் காட்சியகத்திலிருந்து திரும்பிவந்த டியேகோ என்ற ஆண். இந்த 15 ஆமைகளை வைத்து வளர்த்தெடுத்ததில் அத்தீவின் எண்ணிக்கை 2,000 அளவுக்கு உயர்ந்தது. 2020 ஜூனில் அந்த முதியவர்கள் பதினைந்து பேரும் சொந்தத் தீவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

தீவுக்குத் தீவு உயிர்கள் மாறுவதைக் கப்பல் பயணிகள் இரண்டு மூன்று நாட்களில் கவனித்துவிடுகிறார்கள். சார்லஸ் டார்வினுக்கே அது உடனடியாக உறைக்கவில்லை. 1835 செப்டம்பர், அக்டோபரில் ஐந்து வாரம் அவர் இங்கே இருந்தார், நான்கு தீவுகளில் இறங்கினார். ஆமையின் ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவு என்று சொல்லிவிடலாம் என்று துணை ஆளுநர் லாசன் அவரிடம் சொல்லியும், தான் சேகரித்த ஃபிஞ்ச் குருவிகளை எந்தத் தீவில் பிடித்தோம் என்று அவர் ஒழுங்காகக் குறித்துவைக்கவில்லை. அவருடைய கண்ணைத் திறந்தவை மாக்கிங் பறவைகள்தாம். பாடப்புத்தகங்கள் அந்தப் பெருமையைக் குருவிகளுக்குக் கொடுத்துவிட்டன. குருவிகளுக்குரிய நீதி பிற்காலத்தில் கிடைத்தது. பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973இல் டாப்னி மேஜர் என்ற சிறு தீவில் தொடங்கி நாற்பதாண்டு காலம் அவற்றை அளந்தார்கள். 1977இன் வறட்சியில் சிறு விதைகள் தீர்ந்து, முரட்டு விதைகளே மிஞ்சின. அவற்றை உடைக்கத் தக்க தடித்த அலகு கொண்டவை பிழைத்தன. அடுத்த தலைமுறையின் அலகு சராசரியாக அரை மில்லிமீட்டர் அளவில் தடித்திருந்தது. பரிணாமம் அங்கே அளவுகோலில் அகப்பட்டது.

இனிக் கப்பல்களுக்கு வருவோம். கப்பல் பயணம்தான் தீவுகளுக்குப் பாதுகாப்பானது என்று அதை நடத்துவோர் சொல்வதில் பாதி உண்மை. கப்பல்களின் மொத்தப் படுக்கை எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, கரையில் குப்பை சேர்வதில்லை, வழிகாட்டி இல்லாமல் யாரும் அலைவதில்லை. ஆண்டுக்கு மூன்று லட்சத்தைத் தொட்டுவிட்ட பயணிகள் கூட்டத்தில் அண்மைக் கால வளர்ச்சி பெரும்பாலும் ஊர் விடுதிகளில் தங்குவோரால் வந்தது. அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும், சாலை வேண்டும், கண்டத்திலிருந்து சரக்கு வேண்டும். மறுபாதியையும் சொல்ல வேண்டும். 2001 ஜனவரியில் சான் கிறிஸ்டோபல் அருகே தரைதட்டிய ஜெசிகா என்ற எண்ணெய்க் கப்பல் சுமந்து வந்ததில் தீவுகளுக்கான டீசலோடு ஒரு சுற்றுலாக் கப்பலுக்கான எரிபொருளும் இருந்தது. கசிந்த எண்ணெயில் பெரும்பகுதியை நீரோட்டம் கடலுக்குள் இழுத்துச் சென்றது, பெரிய அழிவு தப்பியது என்று எல்லோரும் மூச்சுவிட்டார்கள். அடுத்த ஓராண்டில் சாண்டா ஃபே தீவின் கடல் இகுவானாக்களில் 62 சதவீதம் இறந்துபோயின. மிச்சசொச்ச எண்ணெய் அவற்றின் குடலில் பாசியைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்களைக் கெடுத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

கண்ணுக்குத் தெரியாத பயணிகள் இன்னும் மோசம். வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சிறு ஈயின் புழுக்கள் கூட்டிலிருக்கும் ஃபிஞ்ச் குஞ்சுகளின் ரத்தத்தைக் குடித்துக் கொல்கின்றன. உலகிலேயே இசபெலாவில் மட்டும் நூறு அளவில் எஞ்சியிருக்கும் சதுப்புநில ஃபிஞ்ச் இனத்துக்கு இதுதான் இன்றைய எமன். விமானத்தில் பெட்டிகள் மீது மருந்தடிப்பதும், விமான நிலையத்தில் பழத்தையும் விதையையும் பறிமுதல் செய்வதும், கப்பலின் அடிப்பாகத்தைச் சோதிப்பதும் அனாவசியக் கெடுபிடிகள் அல்ல. வெளிநாட்டவருக்கான பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட் முதல் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்ந்தபோது முணுமுணுப்பு எழுந்தது. கப்பலில் ஒரு வாரத்துக்குச் செலவாகும் ஆயிரக்கணக்கான டாலர்களோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையாக எனக்குப் படவில்லை.

பருவத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜனவரி முதல் மே வரை வெப்பமும் மழையும், தெளிந்த கடலும். ஜூன் முதல் நவம்பர் வரை குளிர்நீர், கொந்தளிப்பு, மலைமேல் ஓயாத தூறல், ஆனால் கடலில் இரை மிகுதி. அலை அலையான இறகுக் கோடுகள் கொண்ட கலாபகோஸ் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையைப் பார்க்க விரும்புகிறவர் ஏப்ரலுக்கும் டிசம்பருக்கும் இடையில் எஸ்பனோலாவுக்குப் போக வேண்டும். ஏறக்குறைய அந்த இனம் முழுவதுமே முட்டையிடுவது அந்த ஒரு தீவில்தான்.

மேற்கா கிழக்கா என்றால் என் ஓட்டு மேற்குக்கு. ஃபெர்னாண்டினாவில் பயணிகளுக்குத் திறந்திருப்பது புன்டா எஸ்பினோசா என்ற ஒரே ஒரு கரைமுனை. இகுவானாக்கள், நீர்க்காகங்கள், லாவா. கொஞ்ச தூர நடை, பிறகு படகு. சுமார் 640 சதுர கிலோமீட்டர் தீவில் மற்றதெல்லாம் எரிமலையின் சரிவு, யாரும் போவதில்லை. 1906இல் ஒரே ஒரு ஆமை அங்கே பிடிபட்டது, அதன்பின் அந்த இனம் அழிந்துவிட்டதாகவே கருதினார்கள். 2019இல் உள்ளே நடந்துபோன ஒரு குழு, உறைந்த லாவா சூழ்ந்த ஒரு புதர்த்திட்டில் ஒரு பெண் ஆமையைக் கண்டது. மரபணுச் சோதனையில் அது 1906ஆம் ஆண்டு ஆமையின் இனமே என்று உறுதியானது. ஃபெர்னாண்டா என்று பெயரிட்டு அதைச் சாண்டா குரூஸுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். எத்தனையோ ஆண்டுகளாகக் கப்பல்கள் அந்தக் கரைமுனைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தபோதெல்லாம், அது உள்ளே இருந்திருக்கிறது. அதற்கு ஓர் ஆண் துணை கிடைக்குமா என்று அந்தச் சரிவுகளில் தேடுகிறார்கள்.